தாலி கட்டும் வேளையில் தாயார் எங்கே?

மகளின் கலியாணத்தைச் செய்து முடித்த தாய்மாரைக் காணும்போது நாம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "தாலி கட்டிய நேரம் நீங்கள் எங்கே நின்றீர்கள்?" என்பதே அக்கேள்வி. மணவறைக்கு அருகே நின்றேன் என்று உடனே விடை கூறியோர் மிகச் சிலரே. ஒருவர் சாப்பாட்டு மண்டபத்தில் வாழையிலை போதுமா என்று எண்ணிக்கொண்டு நின்றாராம். மற்றொருவர், மணமகள் கூறை மாற்றிய அறையிலே திறந்து கிடந்த நகைப்பெட்டிகளுக்குக் காவலாக இருந்தாராம். வேறொருவர், கொழும்பிலிருந்து பிந்தி வந்த வானில் இறங்கிய சம்பந்தி பகுதியாரை வாசலில் வரவேற்றுப் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றாராம். "கெட்டிமேளம் கேட்டது, தாலி ஏறிவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டேன்" என்று அவர் கூறியபோது, அவர் முகத்தில் வருத்தங்கூடத் தோன்றவில்லை. தாய்மாருக்கு அதுவே விதி என்று எண்ணிவிட்டார் போலும்.

பிள்ளை பிறந்த நாள் முதலாக ஒரு தாய் மனத்திலே கண்டு மகிழ்ந்த காட்சி அது. அந்தக் கணம் வரும்போது அவர் வாசலிலும் குசினியிலும் அலைந்து திரிவாராயின், மண்டபம் எத்துணை அழகாக இருந்தென்ன, மேளம் எத்துணை சிறப்பாக இருந்தென்ன? கலியாண ஏற்பாடு செவ்வையாக அமைந்ததா என்பதை அறிவதற்கு நாம் ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றோம். தாலி கட்டும் வேளையில் இரு வீட்டுத் தாய்மாரும் கையிலே திறப்புக் கோவையும் மனத்திலே கணக்குமின்றி, மணவறைக்கு அருகில் நின்று கண்ணாரக் கண்டார்களாயின் அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. இல்லையேல் எங்கோ பிழை இருக்கின்றது. அப்பிழை பெரும்பாலும் மணநாளன்று நேர்வதன்று. இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே நேர்ந்துவிடுகின்றது.

யாழ்ப்பாணத்துச் சைவ முறைக் கலியாணத்தை வைத்தே இங்கு எழுதுகின்றோம். மட்டக்களப்பிலும் மலையகத்திலும் உள்ள வாசகர்களும், தேவாலயத்தில் மணம் செய்யும் குடும்பத்தாரும், தத்தம் வழக்கத்துக்கேற்ப வேண்டியதை எடுத்துக்கொள்வார்களாக.

நாள் பார்க்கும்போதே நேரத்தையும் பாருங்கள்

முதற் குழப்பம் பஞ்சாங்கத்திலே தொடங்குகின்றது. நம் நாட்டில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என இரண்டும் வழக்கில் உள்ளன. திதியும் நட்சத்திரமும் தொடங்கும் நேரங்கள் இவ்விரண்டிலும் வேறுபடும். பெண் வீட்டுச் சோதிடர் ஒன்றையும் மாப்பிள்ளை வீட்டுச் சோதிடர் மற்றொன்றையும் பார்த்து நேரங் குறித்துவிட்டு, அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் வேளையில் "அந்த நேரம் பிழையாம்" என்று முரண்படுவதை நாம் கண்டிருக்கின்றோம். எந்தப் பஞ்சாங்கம் என்பதைப் பேச்சுக்கால்ப் பொழுதிலேயே முடிவு செய்துவிட வேண்டும். எது சரி என்ற வாதத்தைச் சோதிடர்களுக்கு விட்டுவிடலாம். கலியாண வீட்டாருக்கு வேண்டியது ஒன்றை ஏற்றுக்கொள்வதே.

ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் கலியாணம் வைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்கள். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் வரக்கூடிய பாடசாலை விடுமுறையோ ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வருகின்றது. அதிற் பெரும்பகுதியை ஆடி விழுங்கிவிடும். எஞ்சுவது ஆவணியின் முற்பகுதி. அந்நாட்களிலேதான் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவமும் நடைபெறும். ஆகவே சில நாட்களுக்குள் எல்லாரும் முண்டியடிக்கின்றனர். மண்டபம், குருக்கள், மேளகாரர், சமையற்காரர், தங்குமிடம், வான் ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன. ஒரே நாளில் மூன்று கலியாணங்களை ஒப்புக்கொண்ட குருக்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மந்திரஞ் சொல்லுவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. வெளிநாட்டு உறவினர் எல்லாரும் வந்தே ஆகவேண்டும் என்ற எண்ணத்தைச் சிறிது தளர்த்தி, வைகாசியிலோ தையிலோ நாள் வைத்துக்கொண்ட குடும்பங்கள் பாதிச் சுமையை இறக்கிவைத்தவை ஆகும்.

நாள் முடிவாகியபின், முகூர்த்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுதல் வேண்டும். நம்மவர் முன்னோக்கி எண்ணுவதே வழக்கம்: "விடிய எழும்பித் தொடங்குவோம், முடியும்போது முடியட்டும்" என்பர். முகூர்த்தம் காலை 10.15 முதல் 11.45 வரை என்று வைத்துக்கொள்வோம். தாலி கட்டுவதை 11.44க்கு வைத்துக்கொண்டு நெஞ்சு படபடக்க நிற்பதிலும், 11.15க்கு என்று மனத்தில் வரைந்துகொள்வது நன்று. அதற்கு முன் கன்னிகாதானம்; அதற்கு முன் மணமகள் மணவறைக்கு வருதல்; அதற்கும் முன் மாப்பிள்ளையின் கால் கழுவி வரவேற்றல், பிள்ளையார் பூசை, காப்புக் கட்டல் என்பன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் செல்லும் என்பதைக் கிரியை செய்யும் குருக்களிடமே முன்கூட்டிக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளலாம். இவ்வாறு கேட்டால் பெரும்பாலான குருக்கள்மார் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அவர்களுக்கும் அது உதவியே.

இந்த வரிசையிலே நேரத்தைக் கள்ளத்தனமாகத் தின்றுவிடுவது ஒன்றுண்டு. அதுவே கூறை மாற்றும் வேளை. கன்னிகாதானம் முடிந்ததும், கூறையும் தாலியும் வைத்த தட்டம் சபையோரிடம் ஆசி பெற்று வரும். மாப்பிள்ளை கூறையை மணமகளின் கையிற் கொடுப்பார். மணமகள் உள்ளே சென்று அதை உடுத்துக்கொண்டு வரவேண்டும். இருபது நிமிடத்தில் முடியக்கூடிய இக்காரியம் முக்கால் மணி நேரமாக நீள்வதை யார்தாம் கண்டதில்லை? அறைக்குள்ளே பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கொரு யோசனை, ஒருவர் கையிலும் ஊசி இல்லை. வெளியே சபையோர் கதிரைகளில் நெளிந்துகொண்டிருக்க, குருக்கள் "பொம்பிளையைக் கூப்பிடுங்கோ" என்று மூன்றாம் முறையும் ஆளனுப்புவார். முகூர்த்தம் தப்பப்போகின்றதே என்ற பதற்றத்தில் தாயார் அறைக்குள் ஓடுவார். அவர் தாலி கட்டுவதைக் காணாமற் போவது பெரும்பாலும் இந்த இடத்திலேதான்.

இதற்கு மருந்து எளிது. அலங்காரஞ் செய்பவரும் மணமகளுக்கு நெருங்கிய இன்னொரு பெண்ணும் ஆக இருவர் மட்டுமே அறைக்குள் இருக்கட்டும். சட்டை முன்னரே கூறைக்குப் பொருத்தமாகத் தைத்திருக்கட்டும். நகைகளைக் கழற்றிப் புதிதாகப் பூட்டும் வேலை வேண்டாம். ஒரு வாரத்துக்கு முன், வேறொரு பட்டுச் சேலையைக் கொண்டு ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்து உடுத்திப் பார்த்தால், எவ்வளவு நேரஞ் செல்லும் என்பது தெரிந்துவிடும். மணமகள் உள்ளே இருக்கும் நேரத்தில் நாதஸ்வரக்காரர் நல்லதோர் இராகத்தை எடுத்து வாசிக்கட்டும். சபையோருக்கும் அது விருந்து.

இராகுகாலத்தையும் மறத்தலாகாது. திங்கட்கிழமையாயின் அது காலை 7.30 முதல் 9.00 வரை. மாப்பிள்ளை அதற்கு முன்னரே வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஏழரைக்கெல்லாம் மண்டபத்துக்கோ பக்கத்து வீட்டுக்கோ வந்துவிடுவார். அவருடன் வரும் முப்பது நாற்பது பேரும் இரண்டு மணி நேரம் என்ன செய்வார்கள், என்ன உண்பார்கள் என்று எவரும் யோசிப்பதில்லை. இடியப்பமும் சொதியும் தேநீரும் ஆயத்தமாக இருந்தால், பின்னர் "எங்களைக் கவனிக்கவில்லை" என்ற சொல்லுக்கே இடமிராது.

ஒரு கை, ஒரு கொப்பி

கலியாண மண்டபங்கள் பெருகுமுன், வீட்டு முற்றத்திலே பந்தலிட்டுக் கலியாணஞ் செய்த காலத்தில், அயலார் வந்து தாமாகவே வேலைகளைப் பகிர்ந்துகொண்டனர். காய்கறி வெட்டுவோர், விறகு பிளப்போர், வெற்றிலை மடிப்போர் என ஒவ்வொருவருக்கும் தம் இடம் தெரிந்திருந்தது. மண்டபத்துக்குக் கலியாணம் போனபின் அயலார் விருந்தினராகிவிட்டனர். வேலைகளைக் கூலிக்குச் செய்வோர் உளர். ஆயின் அவர்கள் ஒவ்வொருவரும் எதற்கெடுத்தாலும் கேட்பது தாயாரையும் தகப்பனாரையுமே.

"அக்கா, ஆராத்தித் தட்டம் எங்கை?"

"அன்ரி, ஐஸ்கிறீம் வந்திட்டுது, எங்கை இறக்கிறது?"

"மச்சாள், தோழனுக்கு மோதிரம் கொண்டுவந்தனீங்களோ?"

ஒரு மணி நேரத்தில் இத்தகைய நூறு கேள்விகளுக்கு விடை கூறும் பெண்மணி எவ்வாறு மகளின் முகத்தைப் பார்ப்பாள்?

ஆதலால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொறுப்பாளி வேண்டும். அவர் பெற்றோராக இருத்தலாகாது. மாமனாரோ, சித்தப்பாவோ, பாடசாலை அதிபராக இருந்து இளைப்பாறிய பெரியம்மாவோ, யாராயினும் ஆகட்டும். உரத்துப் பேசாதவராகவும் "இல்லை" என்று சொல்லத் தெரிந்தவராகவும் இருத்தல் போதும். அன்றைய நாள் முழுவதும் அவர் சொல்லே முடிவு என்பதை இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டு, மேளகாரர் முதல் வான் சாரதி வரை அனைவருக்கும் அவருடைய கைத்தொலைபேசி இலக்கத்தையே கொடுத்தல் வேண்டும். தாயாரின் தொலைபேசியைக் காலையிலேயே வாங்கி வைத்துவிடுவதும் நல்ல யோசனையே. சிரிக்கவேண்டாம், இது செய்து பார்த்தவர்கள் கூறியது.

பணங் கொடுக்கும் வேலையும் அவருடையதே. குருக்களின் தட்சணை, மேளம், மாலை கட்டியவர், சமையற்காரரின் மீதி, சாரதிகள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடித உறையில் முதல் நாளிரவே பணத்தை இட்டுப் பெயரெழுதி அவரிடம் ஒப்படைத்துவிட்டால், தகப்பனார் வேட்டி மடிப்புக்குள் கைவிட்டுத் தேடும் காட்சி இல்லாதொழியும். சில்லறையாக ஒரு சிறு பெட்டியும் வேண்டும். தீப்பெட்டி, ஊசியும் நூலும், சட்டைப் பின், கத்தரிக்கோல், பனடோல் குளிசை, நாலைந்து வெறும் உறைகள், ஒரு பேனை, ஒரு மின்சூள் ஆகியவை அதிலிருந்தாற் போதும். குருக்கள் தந்த சாமான் பட்டியலில் இருப்பவற்றை மறப்போர் குறைவு. தீப்பெட்டியை மறப்போரே பலர்.

கொப்பியைப் பற்றிச் சொன்னோம். கைத்தொலைபேசியிலே எழுதிவைக்கும் இளைஞர் அதை எள்ளலாம். மின்கலம் தீர்ந்த பின்னும் கொப்பியை வாசிக்கலாம் என்பதே நம் விடை.

படப்பிடிப்பாளரோடு பொறுப்பாளி முன்னரே பேசவேண்டும். இக்காலத்தில் மணவறையைச் சுற்றி மூன்று நான்கு படப்பெட்டிகளும் விளக்குகளும் நிற்க, சபையோர் காண்பதெல்லாம் படம் பிடிப்போரின் முதுகையே. தாலி கட்டும்போது முன்னே நிற்கவேண்டியோர் இரு தாய்மாரும் தகப்பன்மாரும், சகோதரங்களும். படம் பிடிப்போர் பக்கவாட்டில் நின்றே பிடிக்கலாம். குருக்கள் மந்திரஞ் சொல்லும்போது நிறுத்தி "இன்னொருக்கா மாலையைப் போடுங்கோ" என்று கேட்பது கூடாது என்பதையும் உடன்படிக்கை செய்யும்போதே கூறிவிடலாம்.

பின்னே நிற்கும் தாயார்

இங்கே ஒரு விடயத்தைச் சற்று விரித்து எழுத வேண்டியிருக்கின்றது. சில தாய்மார் தாலி கட்டுவதைக் காணாதிருப்பது வேலையினால் அன்று. அவர்கள் கணவனை இழந்தவர்கள். பொன்னுருக்கின் போது அவர்களைப் பின்னறையில் இருத்துகின்றனர். மணநாளில் தூணுக்கு மறைவில் நிறுத்துகின்றனர். ஒருவரும் வாய்திறந்து போ என்று சொல்வதில்லை. அவர்களே அறிந்து ஒதுங்கிக்கொள்கின்றனர். அது இன்னும் கொடிது.

1983 முதல் 2009 வரை நீடித்த போர் நம் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை ஆயிரம் பெண்களைத் தனியே விட்டுச் சென்றது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. 1995இல் வலிகாமத்திலிருந்து கைக்குழந்தையுடன் நடந்து சென்ற பெண், தையல் தைத்தும் தோட்டஞ் செய்தும் ஆடு வளர்த்தும் அக்குழந்தையை ஆளாக்கினார். அக்குழந்தையின் கலியாணத்தில் கன்னிகாதானத்தை மாமனும் மாமியும் தம்பதியாக நின்று செய்து கொடுப்பர். அது முறை, அதில் நாம் குறை காணவில்லை. ஆனால் வளர்த்தவர் தூணுக்குப் பின்னால் நிற்கவேண்டும் என்பதை எந்த மனம் ஒப்பும்? அவர் கண் பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பர். இருபத்தைந்து வருடமாக அந்தக் கண்ணே அப்பிள்ளையைக் காத்தது.

நம் குடும்பங்கள் பல இதை அமைதியாக மாற்றிக்கொண்டு வருகின்றன. அழைப்பிதழில் தாயின் பெயரையே முதலில் இட்டு அவரே அழைப்பதாக அச்சிடுகின்றனர். தாலி கட்டும்போது மணவறையின் முன்வரிசையில் அவருக்கு இடம் வைக்கின்றனர். மணமக்கள் முதலில் வணங்குவது அவர் கால்களையே. முதல் அறுகரிசி அவர் கையாலேயே விழுகின்றது. இவற்றைச் செய்த வீடுகளில் வானம் இடிந்து விழவில்லை. ஆயினும் இதை மணநாளன்று மணவறைக்கு முன் நின்று வாதாடிச் செய்ய முயல்வது பிழை. யாரோ ஒரு பெரியவர் முகஞ் சுளிப்பார், தாயார் தாமாகவே பின்வாங்கிவிடுவார், மகள் அழுவாள். நாள் வைத்த மறுவாரமே மணமகளும் மணமகனும் சேர்ந்து இரு வீட்டுப் பெரியோரிடமும் "அம்மா முன்னுக்குத்தான் நிற்பா" என்று பணிவாகச் சொல்லிவிடட்டும். குருக்களுக்கும் தெரிவிக்கட்டும். மணமகனே இதைக் கேட்கும் வீடுகளில் எதிர்ப்பு விரைவில் அடங்குவதைக் கண்டிருக்கின்றோம்; மாமியாருக்காக மருமகன் பேசும்போது மறுத்துப் பேசுவது எவருக்கும் எளிதன்று.

பசியும் மயக்கமும்

மணமகளுக்கு அலங்காரம் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்குகின்றது. தாலி ஏறும்வரை உண்ணலாகாது என்ற விரதம் ஒருபுறம். உதட்டுச் சாயம் அழியும் என்ற அச்சம் மறுபுறம். பாரமான பட்டு, நகை, ஓமப்புகை, படப்பிடிப்பின் விளக்குச் சூடு ஆகிய எல்லாஞ் சேர்ந்து பதினொரு மணிக்கு அப்பிள்ளைக்குத் தலைசுற்றினால் அதிசயமில்லை. கதலி வாழைப்பழமும் ஒரு கோப்பை பாலும் விரதத்துக்கு விரோதமல்ல என்று குருக்களே கூறுவார்; கேட்டுத் தெளிக. தண்ணீரை மறுக்கவே கூடாது.

இதைவிடக் கவனிக்க வேண்டியவர் தகப்பனார். அவரும் கன்னிகாதானஞ் செய்வதற்காக விரதம் இருப்பார். நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுபவரோ குளிசை விழுங்குபவரோ ஆயின், உணவின்றி மருந்தை மட்டும் எடுப்பதும், மருந்தையே விட்டுவிடுவதும் இரண்டும் ஆபத்தே. சீனி திடீரெனக் குறைந்து மணவறையிலேயே மயங்கி விழக்கூடும். ஒரு வாரத்துக்கு முன் மருத்துவரைக் கண்டு, அன்றைய மருந்தையும் உணவையும் எவ்வாறு அமைப்பது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்க. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

விருந்தைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. அதிலே நம்மவர் வல்லுநர். ஒரு கிலோ அரிசி எட்டுப் பேர் முதல் பத்துப் பேர் வரை போதும் என்பது சமையற்காரர் கணக்கு. 500 பேருக்கு 50 முதல் 60 கிலோ. அழைத்தோர் எல்லாரும் வருவதில்லை என்பதையும் அவர்கள் அறிவர். வீட்டாரே "குறைந்துவிட்டால் மானம் போய்விடும்" என்று மேலும் பத்துக் கிலோவை ஏற்றுகின்றனர். மாலையில் கிடாரத்தோடு மிஞ்சிய சோற்றை எந்த முதியோர் இல்லத்துக்கு, யார், எந்த வாகனத்தில் கொண்டுசெல்வது என்பதை முன்னரே பேசிவைத்தால் அது சூடாகப் போய்ச் சேரும். பின்னேரம் ஐந்து மணிக்கு யோசித்தால் குப்பைக்கே போகும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய்க் கட்டுப்பாட்டினால் ஐம்பது பேர், நூறு பேரோடு கலியாணங்கள் நடந்தன. 2022இல் பெற்றோல் இல்லாமல் விருந்தினர் சைக்கிளில் வந்தனர். அவ்வாறு மணஞ் செய்தோர் இன்றும் நன்றாகவே வாழ்கின்றனர்.

எழுத்தில் இருக்கவேண்டியவை

நேரமும் ஆளும் ஒழுங்காயிருந்தும் ஒரு தாயின் மனம் அமைதியின்றி இருக்குமாயின் அதற்குக் காரணம் பெரும்பாலும் பணம். தேசவழமையின்படி சீதனம் மகளுக்குரிய ஆதனம். அதற்கு மேலாக மாப்பிள்ளை வீட்டாருக்கு இனாமென்றும் டொனேசன் என்றும் கொடுக்கப்படும் காசு வேறு. அதை நாம் ஒருபோதும் ஏற்பதில்லை. ஏற்போரும் ஒன்றைச் செய்யலாம். பொன்னுருக்குக்கு முன்னரே எல்லாவற்றையும் பேசி முடித்து, எழுதி, இரு வீட்டாரும் கையொப்பமிட்டுவிட வேண்டும். அழைப்பிதழ் கொடுத்து முடிந்தபின் "மண்டபச் செலவில் பாதி", "தங்கச்சிக்கும் ஒரு சோடிக் காப்பு" என்று புதிதாகக் கேட்கும் வீட்டார் சிலர் உளர். மகளின் பெயர் ஊர் முழுவதும் அச்சாகிவிட்டதே என்ற அச்சத்தில் பெண் வீட்டார் வீட்டு உறுதியை அடகு வைக்கின்றனர். அந்தக் கடனோடு மணவறைக்கு முன் நிற்கும் தாய்க்கு எதைப் பார்த்தாலும் வட்டியே தெரியும்.

தாலிக்கொடியும் அப்படியே. ஒற்றைப்படைப் பவுனாக இருத்தல் வேண்டுமென்பதே வழக்கம். ஒரு பவுன் எட்டுக் கிராம். ஒன்பதும் ஒற்றை, பதினொன்றும் ஒற்றை, இருபத்தொன்றும் ஒற்றையே. ஐந்தும் ஒற்றைதான் என்பதை ஏனோ எவரும் நினைப்பதில்லை. பெண் வீட்டார் கொடுத்த காசே உருகிக் கொடியாகித் திரும்பி வருவதும் உண்டு. இதற்கு இத்தனை சபை மெச்சுதல் எதற்கு?

விவாகப் பதிவைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைப்போர் அனேகர். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, அறிவித்தல் கொடுப்பவர் அதற்கு முன் அப்பதிவாளர் பிரிவில் 10 நாட்களாவது வசித்திருத்தல் வேண்டும். அறிவித்தல் பதியப்பட்டு 12 நாட்கள் கழிந்த பின்னரே அதற்கான சான்றிதழ் கிடைக்கும். விரைவாகச் செய்வதற்கு விசேட அனுமதிப்பத்திர முறையும் உண்டு. மணமகனோ மணமகளோ வெளிநாட்டிலிருந்து வருபவராயின், விமானச் சீட்டு எடுக்குமுன் பதிவாளரைக் கண்டு, என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்று கேட்டல் நன்று. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகிய மூன்றிலும் பெயர் ஒரே எழுத்துக்களில் இருக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்க. ஓர் எழுத்துப் பிழை பின்னர் விசா விண்ணப்பத்தில் மாதக்கணக்காக அலைக்கழிக்கும். பதிவாளரை மண்டபத்துக்கு அழைப்பதாயின், கையொப்பமிடும் நேரத்தை ஆசீர்வாதம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். இரு சாட்சிகளும் முதற் பந்தியில் உண்ணப் போய்விடாமற் பொறுப்பாளி பார்த்துக்கொள்வார்.

பந்தி தொடங்கியதும் இரு வீட்டுத் தாய்மாரையும் ஒரே மேசையில் இருத்தி, அவர்களுக்கு முதலில் இலை போடுக. "எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவம்" என்று அவர்கள் எழும்பப் பார்ப்பார்கள், விடவேண்டாம். மண்டபத்துத் திறப்பு, இரவல் வாங்கிய குத்துவிளக்குகள், அம்மி, பக்கத்து வீட்டாரின் பெரிய கிடாரம் ஆகியவை யார் யாருக்கு உரியவை என்பதெல்லாம் கொப்பியில் இருக்கும். மறுநாட் காலையில் சித்தப்பாவின் மகன் அவற்றை வானில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான்.